கிரீட்ல அம்மா நிம்மதியா நீந்த எந்த பீச்? காத்தைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க

ஜூலை கடைசியில ஒரு வாரம் கிரேக்கத் தீவான கிரீட் போறீங்க, ஹானியா ஊருக்குள்ள தங்குறீங்க, அம்மாவுக்கு 60 தாண்டிடுச்சு, முட்டி தேய்மானம், டாக்டர் சொல்லி பூல்ல நீச்சல் கத்துக்கிட்டாங்க ஆனா கடல்ல இறங்கினதே இல்ல, அதனால அலை இல்லாத பீச் எது, எல்லாரும் சொல்ற எலஃபோனிசி ஒண்ணு போதுமா, இதானே கேட்டிருக்கீங்க. எலஃபோனிசி போதாது. ஒருநாள் போய்ப் பாக்கலாம், அழகுதான், ஆனா நீந்துறதுக்கு அது சரியான இடமே இல்ல, ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. "கிரீட்டோட அமைதியான பத்து பீச்"னு நெட்ல வர்ற லிஸ்ட்டெல்லாம் போட்டோ எடுத்த அன்னிக்கு மட்டும்தான் உண்மை. திங்கக்கிழமை கண்ணாடியா கிடந்த அதே தண்ணி புதன்கிழமை இடுப்புல அடிச்சு ஆளைத் தள்ளும். பீச் மாறல, காத்து மாறிடுச்சு. அந்த பீச் எந்தத் திசையைப் பாத்து இருக்கு, அன்னிக்கு காத்து எந்தத் திசையிலேர்ந்து வருது, இந்த ரெண்டையும் சேத்துப் பாக்கத் தெரிஞ்சா போதும், உங்களுக்கு யாரோட லிஸ்ட்டும் வேணாம்.

நீங்க போற சமயத்துல அடிக்கிறது பெரும்பாலும் வடக்குக் காத்துதான். மெல்டெமின்னு சொல்லுவாங்க. பால்கன் பக்கம் காத்தழுத்தம் கூடவும், துருக்கி பக்கம் வெயில்ல நிலம் சூடேறி அழுத்தம் குறையவும், நடுவுல இருக்கிற ஏஜியன் கடல் மேல வடக்கிலேர்ந்து காத்து பாய்ஞ்சு வரும். ஜூலை ஆகஸ்ட்ல தான் உச்சம். வானம் சுத்தமா நீலமா இருக்கும், மழை மேகம் ஒண்ணும் இருக்காது, அதனால நம்மாளுங்க ஏமாந்துடுவாங்க, வெயில் அடிக்குதே கடல் அமைதியாதான் இருக்கும்னு கிளம்பிடுவாங்க. காலையில லேசா இருந்து, பத்து பதினொரு மணிக்கு மேல ஏற ஆரம்பிச்சு, மூணு நாலு மணிக்கு முழு வேகத்துல அடிக்கும், ராத்திரி பல நாள் அடங்கும். சில சமயம் நாலஞ்சு நாள் விடாமலும் அடிக்கும். கிழக்கு கிரீட்டை விட ஹானியா பக்கம் இதோட வேகம் கொஞ்சம் குறைவுதான், ஆனா வேகம் குறைஞ்சாலும் வடக்கே திறந்த கடல்ல கிளம்புன அலை கரைக்கு வந்து சேராம இருக்காது. காத்து நின்ன மறுநாள் கூட அலை மிச்சம் இருக்கும், அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

கிரீட் கிழக்கு மேற்கா சுமார் 260 கிலோமீட்டர் நீளம், வடக்கு தெற்கா பாத்தா அகலம் அதிகபட்சம் 60 தான், நடுவுல முதுகெலும்பா மலை. அதனால வடக்குக் கரை, தெற்குக் கரைன்னு ரெண்டு வேற வேற கடல் உங்களுக்குக் கிடைக்குது. வடக்குக் காத்து அடிக்கிற நாள்ல தெற்குக் கரை மலை மறைவுல இருக்கும், தெற்குலேர்ந்து அடிச்சா நேர் எதிர். நீங்க ஹானியாவுல தங்குறதுல ஒரு லாபம் என்னன்னா வடக்குக் கரையில இருந்துக்கிட்டே வடக்குக் காத்துக்கு மறைவான சில இடங்கள் அரை மணி தூரத்துலயே இருக்கு, தெற்குக்குப் போகணும்னாலும் ஒன்றரை மணி நேரம்.

அம்மாவுக்கு நான் முதல்ல சொல்ற இடம் மராத்தி. ஹானியாவுக்கு கிழக்க அக்ரோதிரின்னு உருண்டையா ஒரு தீபகற்பம் கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கும், ஏர்போர்ட் அதுமேலதான் இருக்கு. அதோட தென்கிழக்கு ஓரத்துல, சூதா வளைகுடாவோட வாய்ப் பக்கம் பாத்தமாதிரி மராத்தி இருக்கு. மொத்த அக்ரோதிரியும் முதுகு காட்டி வடக்குக் காத்தைத் தாங்கிக்குது, அதனால ஹானியா ஊர் பீச்சுல அலை அடிக்கிற அன்னிக்கு கூட இங்க தண்ணி அசையாம கிடக்கிறதைப் பாக்கலாம். சின்னச் சின்னதா ரெண்டு மணல் கரை, நடுவுல சின்ன படகுத்துறை, பக்கத்துலயே மீன் சாப்பாட்டுக் கடைங்க. மணல் மென்மையா இருக்கும், ஆழம் மெதுவாதான் கூடும், முட்டி வலிக்காரங்களுக்கு இதான் முக்கியம். எதிர்ல வெள்ளை மலைத்தொடர் தெரியும். சூதா பெரிய கடற்படைத் தளம், கிரேக்கப் படையும் நேட்டோவும் இருக்கு, அதனால வழியில "போட்டோ எடுக்காதே"ன்னு போர்டு இருந்தா மதிச்சுடுங்க, செல்ஃபி ஸ்டிக்கை நீட்டிக்கிட்டு நிக்காதீங்க. ஒரே குறை, இடம் சின்னது, ஹானியாக்காரங்களுக்கும் இந்த ரகசியம் தெரியும், ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்குப் போனா கார் நிறுத்தவே இடம் கிடைக்காது. பக்கத்துலயே லுத்ராக்கின்னு இன்னொரு குட்டி பீச் இருக்கு, மராத்தி நிறைஞ்சிருந்தா அங்க திரும்பிடலாம்.

அதே அக்ரோதிரியோட வடமேற்கு மூலையில ஸ்தாவ்ரோஸ். திசையை மட்டும் பாத்தா மோசமான இடம்தான், ஆனா அங்க கிட்டத்தட்ட வட்டமா ஒரு சின்ன குடா இருக்கு, வாய் ரொம்பக் குறுகல், வெளிய அலை பொங்கினாலும் உள்ள வந்து சேரும்போது ஒண்ணும் மிஞ்சாது. மேல செங்குத்தா ஒரு மொட்டை மலை. 1964ல வந்த சோர்பா படத்துல கடைசியில ரெண்டு பேரும் ஆடுவாங்களே, அந்த டான்ஸ் எடுத்தது இந்தக் கரையிலதான். உள்குடாவுல ஆழம் கம்மி, அம்மா தைரியமா கால் ஊனிக்கிட்டே பழகலாம், முதல் நாளுக்கு இது ரொம்ப நல்லது. ஆனா ஸ்தாவ்ரோஸ்னு சொல்லி கூகுள் மேப் சில சமயம் வெளிப்பக்க பீச்சுல கொண்டு விடும், அங்க அலை இருக்கும், வட்டமான குடாவுக்குப் போறீங்களான்னு பாத்துக்கோங்க.

கார் எடுக்காத நாளுக்கு ஊருக்குள்ளயே நேயா ஹோரா, பழைய துறைமுகத்துலேர்ந்து நடந்தே போயிடலாம். காலையில எட்டு மணிக்கு அங்க போய்ப் பாருங்க, உள்ளூர் பாட்டிங்க தொப்பி போட்டுக்கிட்டு கழுத்து வரைக்கும் தண்ணியில நின்னு ஊர்க்கதை பேசிக்கிட்டு இருப்பாங்க, உங்கம்மாவுக்கு மொழி தெரியலைன்னாலும் செட் சேந்துடும். மேற்கே நாலு கிலோமீட்டர் தள்ளி அயி அப்போஸ்தோலி, அங்க பாறை முனைங்க கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு நடுநடுவுல மணல் குடாக்கள், குழந்தைங்களோட வர்ற உள்ளூர்க்காரங்க பூரா இங்கதான். காத்து மிதமா இருக்கிற வரைக்கும் நல்லா இருக்கும். இதையும் தாண்டி மேற்கே அயா மரினா, பிளதனியாஸ், மாலெமேன்னு நீளமா போகுதே, ஹோட்டல் பூரா அங்கதான், அது எல்லாம் வடக்கைப் பாத்து மல்லாந்து கிடக்கிற திறந்த கரை. அயா மரினாவுக்கு மட்டும் எதிர்ல தோதோரு தீவு கொஞ்சம் மறைப்பு குடுக்கும் (அந்தத் தீவுல கிரி-கிரின்னு கிரீட்டோட காட்டு ஆடுங்களைப் பாதுகாத்து வச்சிருக்காங்க, மனுசங்க இறங்க முடியாது). காத்து நாள்ல அந்த வரிசையே வேணாம்.

கிழக்குப் பக்கம் அல்மிரிதா நல்ல இடம், ஆழம் கம்மி, மணல், கரையிலேயே சாப்பாட்டுக் கடை வரிசை, சாதாரண நாள்ல அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும். காத்து பலமானா கொஞ்சம் அலை தட்டும்.

ஆனா இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கிற யோர்யுப்போலி விசயத்துல கொஞ்சம் கவனமா இருங்க. போட்டோல பாத்தா கிலோமீட்டர் கணக்கா மணல், ஆழமும் இல்லாத மாதிரி இருக்கும், யாருக்கும் பயமே வராது. இந்த மாதிரி நீள மணல் கரையில வடக்குக் காத்து அடிக்கும்போது அலை தள்ளிக் கொண்டுவந்த தண்ணி மறுபடி கடலுக்குப் போக மணல் திட்டுக்கு நடுவுல ஒரு வழி தேடும், அந்த வழியில நின்னீங்கன்னா இழுத்துக்கிட்டுப் போயிடும். இன்னும் மோசம் என்னன்னா இழுவை இருக்கிற இடத்துல அலை உடையாது, பாக்க அந்த இடம்தான் அமைதியா தெரியும், நீந்தத் தெரியாதவங்க அதைத்தான் தேர்ந்தெடுப்பாங்க. மாட்டிக்கிட்டா கரையைப் பாத்து நீந்தி மூச்சு வாங்கக் கூடாது, கரைக்கு இணையா பக்கவாட்டுல நகரணும், இல்லைன்னா மிதந்துக்கிட்டே கையைத் தூக்கி உதவி கேக்கணும். ரெதிம்னோ ஊர் நீள பீச்சுக்கும் இதே கதைதான். யோர்யுப்போலி போயே ஆகணும்னா ஆத்து முகத்துக்கு மேற்குல கலிவாக்கின்னு ஒரு சின்ன கரை இருக்கு, அங்க மறைவு உண்டு. ஆனா தண்ணி ஜில்லுன்னு இருக்கும், வெள்ளை மலையில உருகுற பனித்தண்ணி சுண்ணாம்புப் பாறைக்குள்ள இறங்கி கடலோரத்துல ஊத்தா வெளிய வருது, ஒரு அடி வெதுவெதுப்பு அடுத்த அடி ஐஸ். வயசானவங்களுக்கு திடீர்னு மூச்சு இழுக்கும், அதனால முதல்ல கை கால் நனைச்சு, முகத்துல தண்ணி அடிச்சுக்கிட்டு மெதுவா இறங்கச் சொல்லுங்க.

இப்போ எலஃபோனிசி. தீவோட தென்மேற்கு மூலை, ஹானியாவுலேர்ந்து சுமார் 75 கிலோமீட்டர், மலைப்பாதை, தொபோலியா பள்ளத்தாக்குல ஒத்தை வண்டி போற குகைப்பாதை வேற, ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. கரைக்கும் எதிர்ல இருக்கிற சின்ன தீவுக்கும் நடுவுல ஒரு தேக்கம், அங்க பெரும்பாலும் முட்டி, இடுப்பு ஆழம்தான். காத்து அடிச்சாலும் அலை எழும்ப ஆழமே இல்லாததால தண்ணி அமைதியா இருக்கும், நடக்கலாம், உக்காரலாம், கைக்குழந்தையை விளையாட விடலாம். நாலு கை போட்டு நீந்தணும்னா தரை தட்டும். தீவுக்கு அந்தப் பக்கம் போனா ஆழம் இருக்கு, ஆனா அது திறந்த கடல், பாறையும் இருக்கு. கூட்டமும் சாதாரணக் கூட்டம் இல்ல. ரோஸ் கலர் மணலைப் பாக்கணும்னா காலையில சீக்கிரம் போயிட்டு பதினொண்ணுக்கெல்லாம் திரும்பிடுங்க, அந்த மணலை பாட்டில்ல அள்ளிக்கிட்டு வராதீங்க, தடை இருக்கு.

பாலோஸ் பீச் பத்தியும் கேப்பீங்க. அம்மாவோட வேணாம். கார்ல போனா கரடுமுரடான மண்ரோடு, அப்புறம் வெயில்ல இறக்கம், திரும்பி வர்றப்போ அத்தனையும் ஏத்தம், முட்டிக்கு நல்லது பண்ணப் போய் முட்டியைக் கெடுத்துக்கிட்டு வருவீங்க. கிஸ்ஸாமோஸ்லேர்ந்து படகு இருக்கு, ஆனா காத்து நாள்ல படகு ஆட்டமும் சேந்துக்கும். ஃபலாசர்னா மேற்கைப் பாத்த கரை, சூரியன் மறையறதைப் பாக்கப் போங்க, நீச்சலை தண்ணியைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

வடக்குக் காத்து நாள் கணக்கா விடலைன்னா தெற்கே போங்க. எனக்குப் பிடிச்சது பலியோஹோரா. ஊரே ஒரு சின்ன முனை மேல உக்காந்திருக்கு, மேற்குப் பக்கம் அகலமா மணல் பீச், கிழக்குப் பக்கம் கூழாங்கல் பீச், நடுவுல நாலஞ்சு தெரு. மேற்குலேர்ந்து காத்து அடிச்சா டவலைத் தூக்கிக்கிட்டு கிழக்குப் பக்கம் நடந்துடலாம், கிழக்குல அலைன்னா மேற்கு. பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணு நீந்துற மாதிரி இருக்கும். உங்களோட ஒரு வாரத்துல ரெண்டு ராத்திரி இங்க தங்கினா கூட தப்பில்லைன்னு சொல்லுவேன், ஹானியாவுலேர்ந்து ஒரே நாள்ல போயிட்டு வந்தா அம்மாவுக்கு கார்லயே முதுகு போயிடும்.

ஸ்ஃபக்கியா பக்கம் போனா லுத்ரோ. ரோடே கிடையாது, ஹோரா ஸ்ஃபக்கியோன்லேர்ந்து படகுல கொஞ்ச நேரம். மூணு பக்கமும் மலை, முனைன்னு நல்ல மறைவு, பைபிள்ல பவுல் போன கப்பல்காரங்க குளிர்காலத்தைக் கழிக்க ஃபீனிக்ஸ்னு ஒரு துறைமுகத்தைத் தேடிப் போனதா வருமே, அது இந்த இடம்தான்னு பொதுவா சொல்லுவாங்க, அந்த அளவுக்கு ஒதுங்கலான துறை. ஆனா கூழாங்கல், ஆழம் சீக்கிரம் கூடும், நீந்த நல்லாத் தெரிஞ்ச பிறகு போற இடம். மணல் வேணும்னா ஃப்ராங்கோகஸ்தெல்லோ, வெனிஸ்காரங்க 1370கள்ல கட்டுன கோட்டைக்கு முன்னாடியே ரொம்ப தூரத்துக்கு ஆழமில்லாத தண்ணி.

தெற்குக் கரைக்குன்னு தனியா ஒரு ஆபத்து இருக்கு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. வெள்ளை மலை 2,453 மீட்டர் வரைக்கும் உசரம், வடக்குக் காத்து அதைத் தாண்டி பள்ளத்தாக்கு வழியா திடீர் திடீர்னு கீழ பாயும். தெற்குக் கரையில இருக்கிற பிளக்கியாஸ் இதுக்குப் பேர்போனது. காத்து கரையிலேர்ந்து கடலுக்கு அடிக்கிறதால கரையோரம் அலையே இருக்காது, பாக்க குளம் மாதிரி இருக்கும், ஆனா காத்தடைச்ச மெத்தையோ டியூபோ போட்டு அம்மா அதுமேல படுத்தாங்கன்னா அஞ்சு நிமிசத்துல எங்கயோ போயிடுவாங்க, எதிர்க்கரை லிபியா. அதனால தெற்குல காத்தடைச்ச எதையும் தண்ணியில விடாதீங்க. மிதவை வேணும்னா இடுப்புல கட்டுற ஆரஞ்சு நீச்சல் மிதவை வாங்குங்க, படகுக்காரங்களுக்கும் தெரியும். கடற்கரையில நீந்துற எல்லையைக் காட்ட மிதவை வரிசை கட்டியிருப்பாங்க, அதுக்குள்ளயே, கரைக்கு இணையா, கால் எட்டுற ஆழத்துல போயிட்டு வரச் சொல்லுங்க.

தினமும் காலையில என்ன பண்ணணும்னா, விண்டி ஆப்பைத் திறந்து காத்துத் திசையைப் பாருங்க, கிரேக்கக் கடலாராய்ச்சி மையம் நடத்துற பொசைடன்ங்கிற தளத்துல அலை உயரமும் இருக்கு. அங்க எல்லாரும் காத்தை போஃபோர் கணக்குலதான் பேசுவாங்க, அதாவது காத்து வேகத்துக்கு ஏத்த மாதிரி எண் போடுறது, எண் கூடக் கூட காத்தும் பலம். மூணு வரைக்கும் (மணிக்கு 12லேர்ந்து 19 கிலோமீட்டர்) எந்த பீச்சும் ஓகே. நாலுன்னா வடக்குத் திறந்த கரையை விட்டுடுங்க. அஞ்சும் அதுக்கு மேலயும்னா மராத்தி, ஸ்தாவ்ரோஸ் உள்குடா, இல்லைன்னா தெற்கு, அதுவும் காலையில. ஆப்ல "வடக்குக் காத்து"ன்னா வடக்கிலேர்ந்து வர்ற காத்து, வடக்கு நோக்கிப் போறது இல்ல, இதுல நிறைய பேர் குழம்புவாங்க. எப்படி இருந்தாலும் ஏழரை, எட்டு மணிக்குத் தண்ணியில இறங்கி பத்தரைக்கு ஏறிடுற மாதிரி திட்டம் போடுங்க, பாதிப் பிரச்சனை தானா தீந்துடும்.

தண்ணி சூடு பத்திக் கவலை வேணாம், ஜூலைக் கடைசியில 24, 25 டிகிரி இருக்கும், பூல்ல பழகினவங்களுக்கு முதல் நிமிசம்தான் சிலிர்க்கும். கடல்மட்டத்தோட ஏத்த இறக்கம் ரொம்பக் கம்மி, நம்ம ஊரு மாதிரி காலையில ஒரு கரை சாயங்காலம் ஒரு கரைன்னு இருக்காது. உப்பு அதிகம், லிட்டருக்கு 39 கிராம் பக்கம், மத்த பெருங்கடல்ல 35 தான், அதனால உடம்பு நல்லாவே மிதக்கும். ஆனா காலும் மேல தூக்கும், பிரெஸ்ட் ஸ்ட்ரோக் அடிக்கிறவங்க கழுத்தை நிமித்தியே வச்சிருந்து வலி வந்துடும், முட்டி தேய்மானத்துக்கும் தவளைக்கால் உதை அவ்வளவு நல்லதில்லைன்னு பிசியோ சொல்லுவாங்க, அதனால மல்லாந்து மிதந்து காலை மெதுவா மேல கீழ அசைக்கப் பழக்குங்க, கடல்ல அது பூலை விட சுலபமா வரும்.

ரப்பர் செருப்பு கண்டிப்பா வேணும், இறுக்கமா காலோட ஒட்டுறது, ஹானியா கடைகள்லயே கிடைக்கும். கூழாங்கல்லுக்கு மட்டும் இல்ல, பாறையில கருப்பா உருண்டையா, உடம்பு பூரா முள்ளோட கடல் முள்ளெலி ஒட்டியிருக்கும், ஆழமில்லாத மணலுக்குள்ள புதைஞ்சு கிடக்கிற ஒரு சின்ன மீன் முதுகு முள்ளால கொட்டும், உசுருக்கு ஆபத்து அரிது ஆனா வலி உசுரு போகும். தரையைத் தேய்ச்ச மாதிரி நடந்தா அது ஓடிடும். கொட்டிடுச்சுன்னா தாங்குற அளவு சூடான தண்ணியில காலை வைக்கணும், ஐஸ் வைக்கக் கூடாது. கரையில பழுப்பா குவிஞ்சு கிடக்கிறது கடல்புல், குப்பை இல்ல, அதைப் பாத்துட்டு அழுக்கு பீச்னு ஓடாதீங்க.

முட்டி ரொம்ப மோசம்னா இன்னொரு வழி இருக்கு. கிரீஸ்ல நிறைய பீச்ல சீட்ராக்னு ஒரு ஏற்பாடு வச்சிருக்காங்க, தண்டவாளம் மேல ஒரு நாற்காலி, சூரிய மின்சாரத்துல ஓடும், உக்காந்துக்கிட்டே தண்ணிக்குள்ள இறங்கலாம், ஏறலாம். எந்த பீச்ல இருக்குன்னு அவங்க தளத்துல மேப்போட இருக்கு, போறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க, சீசனுக்கு சீசன் மாறும்.

லைஃப்கார்டு இருக்கிற பீச்ல சிவப்புக் கொடி பறந்தா தண்ணி எவ்வளவு அமைதியா தெரிஞ்சாலும் இறங்காதீங்க. கடலோரக் காவல் நம்பர் 108, பொது அவசரத்துக்கு 112, ரெண்டையும் போன்ல போட்டு வச்சுக்கோங்க. ரூம் இன்னும் புக் பண்ணலைன்னா பிளதனியாஸ் ஹோட்டல் ஆஃபரைப் பாத்து மயங்காம நேயா ஹோரா பக்கமே எடுங்க, காலையில அம்மா தனியா கூட நடந்து போய் ஒரு முங்கு போட்டுட்டு வந்துடலாம், மத்த இடத்துக்கு மூணு நாலு நாளைக்கு மட்டும் கார் எடுத்தா போதும்.